இரண்டு நிமிடம் தேய்த்தும் ஈறில் ரத்தம்: தினசரி வழக்கத்தில் எங்கே ஓட்டை?

#1 மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

பெரியவர்கள் பெரும்பாலோர் பல் விளக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எழுந்ததும் பிரஷ் நீளத்துக்கு பேஸ்ட், இரண்டு நிமிடம் தேய்ப்பு, நாலு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பு, கையோடு மவுத்வாஷ். இரவில் தூக்கம் கண்ணைக் கட்டினால் அப்படியே படுக்கை. ஃப்ளாஸ் என்ற பல்லிடுக்கு நூலை எடுப்பது, பல்லில் ஏதாவது சிக்கிக்கொண்ட அன்றைக்கு மட்டும்.

இப்படிச் செய்பவர்களுக்குச் சிரித்தால் தெரிகிற பல் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் துப்பினால் நுரையில் சிவப்பு, கடைவாய்ப் பல் இடுக்கில் சொத்தை, மதியத்துக்குள் வாய் நாற்றம்.

ஒரு நாளைக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் மட்டும் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நிமிடத்தை எங்கே போடுவது? என்னென்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் வேண்டாம். கை எப்படிப் போக வேண்டும், எது எதற்கு முன், எவ்வளவு நேரம், ஏன் என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 ஈறோரம்

முதல் மாற்றம் இரவில் தொடங்க வேண்டும். ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் அது படுக்கப் போகும் முன் செய்வதாக இருக்கட்டும்.

காரணம் எச்சில். விழித்திருக்கும்போது எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பற்களின் மேல் உருவாகும் அமிலத்தை அது நீர்க்கச் செய்கிறது, சமன்படுத்துகிறது, பல்லிலிருந்து கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுக்கிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். அந்த ஏழெட்டு மணி நேரம் பல்லின் மேல் உணவுத் துணுக்கும் கிருமிப் படலமும் இருந்தால், தடுக்க ஆளே இல்லை. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை தோராயமாக pH என்ற அமில அளவுகோலில் 5.5. இனிப்போ மாவுப்பொருளோ சாப்பிட்ட சில நிமிடத்திலேயே படலத்துக்குள் அளவு அதற்குக் கீழே போய்விடும். பகலில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் அதை மேலே இழுத்துவிடும். இரவில் அப்படி இழுக்க எச்சில் கிடையாது.

இரண்டாவது, ரத்தம். ஈறில் ரத்தம் வருவது பெரும்பாலும் அழுத்தித் தேய்த்ததால் அல்ல, தேய்க்காமல் விட்டதால். பல்லும் ஈறும் சேரும் வரப்பில் படலம் நாள்கணக்கில் தங்கினால் அந்த இடம் அழன்றுபோய், தொட்டாலே கசியும். 1965இல் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் நல்ல ஈறுள்ள 12 பேரை வாய் சுத்தம் எதுவும் செய்யாமல் நிறுத்திப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் சரியானது. ரத்தத்தைக் கண்டு பயந்து அந்த இடத்தைத் தவிர்ப்பவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்.

#3 தூரிகை

ஈறோரம் சொன்ன அந்த வரப்புக்கு பிரஷ் போய்ச் சேர்வதே பெரிய வேலை. இரண்டு நிமிடம் தேய்க்கிறவர்களில் பலர் பல்லின் நடு வயிற்றைத்தான் தேய்க்கிறார்கள். அங்கே கன்னமும் நாக்கும் பட்டுப் பட்டு இயல்பாகவே படலம் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞானப் பல்லை விட்டுவிட்டால் 28 பல். முன்பல், கோரைப் பல் 12க்கும் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று இரண்டிரண்டு பரப்பு. பின்பல் 16க்கும் கடிக்கும் பரப்பும் சேர்த்து மூன்று மூன்று. மொத்தம் 72. இரண்டு நிமிடத்தை 72 ஆல் வகுத்தால் ஒரு பரப்புக்கு ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல்தான். பிரஷ் தலை ஒரு நேரத்தில் இரண்டு, மூன்று பல்லை மூடும் என்பதால் ஒரு நிறுத்தத்துக்கு நாலு விநாடி கிடைக்கும். கை முன்பல்லிலேயே உலாவினால் கடைவாய்க்கு ஒன்றும் மிஞ்சாது.

செய்முறை: பிரஷை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பது போல் விரல் நுனியில் பிடியுங்கள். நார்களின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படட்டும், ஈறை நோக்கி 45 பாகை சாய்வாக. கீழ்ப்பல்லுக்கு நார் கீழ்நோக்கி, மேல்பல்லுக்கு மேல்நோக்கி. இனி இடம் மாறாமல் ஒரு பல்லின் பாதி அகலத்துக்கு மட்டும் முன்னும் பின்னும் அதிர வையுங்கள், பத்துப் பதினைந்து அசைவு. நார் நுனி ஈறின் விளிம்புக்கு அடியில் மெல்ல நுழைவது கூச்சம் போலத் தெரியும். அப்புறம் ஈறிலிருந்து கடிக்கும் பக்கமாக ஒரு தடவை உருட்டி வழித்துவிட்டு, அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். நகரும்போது முந்தின இடத்தில் பாதிப் பல் அளவு மேலேறியே வையுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு கீற்று விட்டுப்போகும்.

முன்பல்லின் உள்பக்கத்துக்கு பிரஷைச் செங்குத்தாக நிறுத்தி, தலையின் முனையால் ஈறிலிருந்து கடிக்கும் விளிம்புப் பக்கமாக இழுக்க வேண்டும். படுக்கை வாட்டில் அங்கே பிரஷ் வளைவில் உட்காராது.

தொடங்கும் இடமும் முக்கியம். வலது கைக்காரர்கள் அடிக்கடி விட்டுவிடும் இடங்கள் கீழ்க் கடைவாயின் உள்பக்கம் (நாக்குப் பக்கம்), வலது கோரைப் பல் திருப்பம், கடைசிப் பல்லின் பின்புறம். அவற்றிலிருந்தே ஆரம்பியுங்கள். பேஸ்ட் நுரைத்து வாய் நிறைந்ததும் துப்பிவிட்டு முடிக்கத்தான் மனம் போகும். அதற்குள் கஷ்டமான இடம் முடிந்திருக்க வேண்டும்.

#4 மழைத்துளி

அழுத்தம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீடியம், ஹார்ட் நார் இருந்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் அதிகம்.

#5 தூரிகை

சாஃப்ட் தவிர வேறு வேண்டாம். படலம் மிருதுவான பசை மாதிரி, தள்ளினாலே போய்விடும். கெட்டியாகிக் காரையாக மாறிவிட்டால் ஹார்ட் நாராலும் போகாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கடின நாருக்கு வேலையே இல்லை. அது தேய்ப்பது ஈறையும், ஈறு இறங்கியதால் வெளியே தெரியும் வேரையும்தான். வேரின் மேல் எனாமல் கிடையாது. ஈறோரத்தில் ஆப்பு வைத்து வெட்டினது போலப் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலது கைக்காரர்களுக்கு அது இடது கோரைப் பல், அதை ஒட்டிய பல்லில் முதலில் வரும், ஏனென்றால் அங்கேதான் கை முழு பலத்தோடு போகிறது.

அழுத்தத்துக்குச் சுலபமான அடையாளம் பிரஷ்தான். மூன்று மாதத்தில் நார் லேசாக விரிந்தால் சரி, மாற்றிவிடலாம். மூன்று நாலு வாரத்திலேயே பூப்போல விரிந்துவிட்டால் கை அழுத்துகிறது. விரிந்த நாரின் நுனி வரப்புக்குப் போகாது, வயிற்றுப் பக்கத்தால்தான் தேய்க்கும்.

பேஸ்டையும் பாருங்கள். வெண்மையாக்கும் என்று விற்கிற பேஸ்ட் சிலவற்றிலும் கரித்தூளிலும் உராய்வு அதிகம். ஈறு இறங்கியவர்கள் அவற்றைத் தள்ளி வைப்பது நல்லது.

#6 நிலாமுற்றம்

பேஸ்டில் உள்ள ஃப்ளோரைடு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. கொப்பளிக்காமல் துப்ப வேண்டும் என்கிறார்களே, அது வயிற்றுக்குள் போனால் ஆபத்தில்லையா? வாயில் பிசுபிசுப்பு இருந்துகொண்டே இருக்கும் என்ற குறையும் உண்டு.

#7 ஈறோரம்

நல்ல கேள்வி. பெரியவர்களுக்கான பேஸ்டில் ஃப்ளோரைடு வழக்கமாக 1,350 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு). ஒரு கிராம் பேஸ்டில் அதிகபட்சம் ஒன்றரை மில்லிகிராம். பட்டாணி அளவு எடுத்தால் பேஸ்ட் கால் கிராம் சுமார். அதில் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். மீதி வாயில் தங்குவது மிகச் சொற்பம். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் போட வேண்டியதே இல்லை.

தங்கும் அந்தச் சொற்பத்துக்குத்தான் வேலை இருக்கிறது. எச்சிலில் கொஞ்ச நேரம் ஃப்ளோரைடு இருந்தால், கரைந்த எனாமல் மறுபடி படியும்போது அதோடு சேர்ந்து அமிலத்தை இன்னும் தாங்குகிற படிகமாகிறது. நாலு வாய் தண்ணீர் விட்டால் அது சாக்கடையோடு போய்விடும். நுரையை நன்றாகத் துப்பிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டால் போதும். பிசுபிசுப்பு பொறுக்கவில்லை என்றால் எடுத்த பேஸ்டின் அளவு அதிகம் என்று அர்த்தம், குறைத்துப் பாருங்கள். அப்படியும் முடியாதவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரைப் பேஸ்ட் நுரையோடு கலக்கி அரை நிமிடம் சுழற்றித் துப்பலாம். அதன் பிறகு அரை மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருந்தால் நல்லது. இரவில் இது தானாகவே நடந்துவிடும்.

குழந்தைகள் விஷயம் வேறு. முதல் பல் முளைத்ததிலிருந்தே 1,000 பி.பி.எம் பேஸ்ட் தொடங்கலாம். மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, நாரில் தடவினது போல. மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு. டியூப் குழந்தையின் கையில் இருக்கக் கூடாது, விழுங்கும் வயது அது. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும். அதுவரை கை அந்த நுணுக்கத்துக்குப் பழகியிருக்காது.

#8 பல்லிடுக்கு

ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதில் மூன்றரையை இடுக்குக்குக் கொடுங்கள். பின்பல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முகம். பிரஷ் எட்டுவது மூன்றை. மற்ற இரண்டும் பக்கத்துப் பல்லோடு ஒட்டிய முகங்கள். கைப் பிரஷோ மின் பிரஷோ, எந்த நாரும் அங்கே போகாது. மேலே 13, கீழே 13 என்று 26 இடுக்கு. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் சொத்தையும் ஈறு நோயும் அங்கே தொடங்குவது அதனால்தான்.

இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ், கொஞ்சம் இடைவெளி இருந்தால் இடுக்குப் பிரஷ்.

ஃப்ளாஸ்: முழங்கை நீளம், அதாவது சுமார் 45 செ.மீ. எடுங்கள். குறைவாக எடுத்தால் பாதியில் அழுக்கு நூலோடு அடுத்த இடுக்குக்குப் போவீர்கள். இரண்டு நடுவிரலிலும் சுற்றி, ஒரு விரலில் பெரும்பகுதி இருக்கட்டும். ஒவ்வொரு இடுக்குக்கும் அதிலிருந்து அவிழ்த்து மற்றதில் சுற்றிக்கொண்டே போகலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும் இடையில் இரண்டு, மூன்று செ.மீ. போதும். இடைவெளி அதிகமானால் நூல் கட்டுக்குள் இருக்காது.

பல் இரண்டும் தொடும் இடம் இறுக்கமாக இருக்கும். அங்கே நூலை நேராக அமுக்கினால் "சடக்"கென்று இறங்கி ஈறை வெட்டும். மரம் அறுப்பது போல மெல்ல முன்பின் ஆட்டிக்கொண்டே இறக்க வேண்டும். தொடும் இடத்தைத் தாண்டியதும் ஆட்டுவதை நிறுத்துங்கள். நூலை ஒரு பல்லைக் கட்டிப்பிடிப்பது போல வளைத்து, ஈறுக்கு அடியில் தடுக்கும்வரை விட்டு, மேலும் கீழுமாக ஐந்தாறு தடவை வழியுங்கள். நன்றாகச் சுத்தமான பல்லில் நூல் "கிறீச்" என்று சத்தம் போடும், வழுக்காது. பிறகு வெளியே எடுக்காமல் ஈறின் மேட்டைத் தாண்டி அதே நூலை எதிர்ப் பல்லுக்கு வளைத்து மறுபடி. பலர் இங்கே தவறுகிறார்கள்: இறக்கினார்கள், எடுத்தார்கள், முடிந்தது. சிக்கியிருந்த துணுக்கு வந்துவிடும், படலம் இரண்டு பல்லிலும் அப்படியே இருக்கும்.

கடைசிப் பல்லின் பின்புறத்துக்கும் நூலை வளைத்துப் போடுங்கள். நாலு மூலையிலும் அது விட்டுப்போகிற இடம்.

#9 பல்லிடுக்கு

இடுக்குப் பிரஷ் பற்றித் தனியாக எழுதுகிறேன், அளவு தவறினால் பயனே இல்லை.

ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். முன்பல்லுக்குச் சிறியது, கடைவாய்க்குப் பெரியது. கண்ணாடி முன் நின்று சிறிய அளவிலிருந்து தொடங்குங்கள். நுழையும்போது நார் இரண்டு பக்கமும் உரசி லேசான தடை இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் கம்பி பல்லில் படக் கூடாது. தடையே இல்லாமல் போய்வந்தால் அடுத்த அளவு. கம்பி வளைந்தால் அளவு பெரிது, தள்ளாதீர்கள். எந்த அளவும் போகவில்லை என்றால் அந்த இடுக்குக்கு ஃப்ளாஸ்தான்.

முன்பல்லுக்கு நேராக விடலாம். கடைவாய்க்கு வாயைப் பெரிதாகத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் உள்ளே வராது. பாதி மூடினால் கன்னம் தளரும். விரலால் பிரஷின் கழுத்துப் பகுதியைச் சற்றே வளைத்து, கன்னப் பக்கமிருந்து நுழையுங்கள். மேல்பல்லில் நுனி லேசாகக் கீழே சாய்ந்து, கீழ்ப்பல்லில் மேலே சாய்ந்து போனால் ஈறின் மேட்டில் குத்தாது. முழு நீளத்துக்கு முன்பின் இரண்டு மூன்று இழுப்பு, உள்ளேயே திருகாதீர்கள், கம்பி முறியும். பேஸ்ட் வேண்டாம். ஒவ்வொரு இடுக்குக்கும் பின் தண்ணீரில் அலசுங்கள். நார் உதிர்ந்தாலோ கம்பி நெளிந்தாலோ தூக்கிப்போடுங்கள். செயற்கை வேர் பொருத்திய பல்லுக்குக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும் வகைதான்.

பல்லில் கம்பி கட்டியிருப்பவர்களுக்கு இதே பிரஷ் கம்பிக்கு அடியிலும் போகும். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று.

#10 நிலாமுற்றம்

ஃப்ளாஸ் முதலிலா, பிரஷ் முதலிலா? கடைசியில் ஃப்ளாஸ் போட்டால் பிரஷ் தள்ளிவிட்டதையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பது சரியான வாதம்தானே?

#11 பல்லிடுக்கு

இடுக்கு முதலில், பிரஷ் பின்னால் என்பது என் தேர்வு. இடுக்கைத் திறந்துவிட்டு பேஸ்டோடு பிரஷ் போனால் ஃப்ளோரைடு அங்கேயும் புகும். இன்னொன்று நடைமுறைக் காரணம்: பிரஷ் முடித்து வாய் புத்துணர்ச்சியானதும் மனம் "முடிந்தது" என்று சொல்லிவிடும். கடைசிக்கு வைத்த வேலைதான் களைப்பு நாளில் கைவிடப்படும்.

#12 கடைவாய்

இந்த வரிசையில் நானும் ஒத்துப்போகிறேன். ஆனால் ஏதோ ஒரு வரிசையில் தினமும் நடக்கிறதா என்பதுதான் பெரிய வித்தியாசம். வாரத்தில் ஒருநாள் எல்லா இடுக்கையும் செய்துவிட்டு ஆறு நாள் விட்டால் ஈறு ஆறாது. படலம் ஓரிரண்டு நாளிலேயே தாது ஏறிக் கெட்டியாகத் தொடங்கிவிடும். முதல் வாரம் 26 இடுக்கும் முடியாது போல இருந்தால், ஒரு இரவு வலதுபக்கம் மட்டும், அடுத்த இரவு இடதுபக்கம் என்று பழகலாம். இரண்டாவது வாரத்திலிருந்து முழுவதும்.

#13 மழைத்துளி

காலையில் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

#14 ஈறோரம்

என் பரிந்துரை முன்னால். இரவெல்லாம் வளர்ந்த படலத்தை முதல் சர்க்கரை வருவதற்கு முன் எடுத்துவிடலாம், ஃப்ளோரைடும் பல்லின் மேல் இருக்கும்.

பின்னால் செய்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும்: புளிப்புப் பழம், பழச்சாறு, சோடா பானம், வினிகர் சேர்ந்த எதுவும் சாப்பிட்டிருந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ். அமிலம் பட்ட எனாமலின் மேல்பரப்பு கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும்; அப்போது தேய்த்தால் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுவோம். அதுவரை வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

வாந்திக்குப் பிறகும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்தால் அமிலம் முறியும். நெஞ்செரிச்சல் அடிக்கடி உள்ளவர்கள் முன்பல்லின் உள்பக்கம் மெலிந்து வழவழப்பாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#15 கடைவாய்

மவுத்வாஷை முதல் பதிவில் பிரஷ் முடிந்த கையோடு என்று எழுதியிருந்தீர்கள். அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஃப்ளோரைடு மவுத்வாஷ் (சோடியம் ஃப்ளோரைடு 0.05 சதவீதம்) சுமார் 225 பி.பி.எம். பேஸ்டில் 1,450 விட்டுவிட்டு உடனே 225ஐ ஊற்றினால் அதிகமாக இருந்ததைக் கழுவிக் குறைத்ததுதான் மிச்சம். அதற்கு நல்ல நேரம் மதிய உணவுக்குப் பின். ஆறு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மவுத்வாஷ் முற்றிலும் வேறு பொருள். 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு முறை; அறுவை சிகிச்சைக்குப் பிறகோ ஈறு மோசமாக இருக்கும்போதோ ஓரிரு வாரத்துக்கு என்று பல் மருத்துவர் தருவது. வீட்டில் பாட்டில் மிச்சமிருக்கிறது என்று மாதக்கணக்கில் விட்டால் பல்லும் நாக்கும் பழுப்பேறும், சுவை மாறும், காரையும் கூடும். பேஸ்டின் நுரைப்பானோடு சேர்ந்தால் அதன் வீரியம் குறையும் என்பதால் பிரஷுக்கும் அதற்கும் இடையே குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள்.

ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் வாய் உலர்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சொத்தை ஈறோரத்தில் வரிசையாக வரும். அவர்கள் சர்க்கரையில்லா சூயிங்கம் மென்று எச்சிலை வரவழைக்கலாம், அடிக்கடி தண்ணீர் உறிஞ்சலாம், கூடுதல் ஃப்ளோரைடு பேஸ்ட் தேவையா என்று பல் மருத்துவரிடம் கேட்கலாம்.

#16 நிலாமுற்றம்

மின் பிரஷ் வாங்கினால் இத்தனை நுணுக்கமும் தேவையில்லை என்பது உண்மையா?

#17 தூரிகை

கொஞ்சம் உண்மை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பாய்வில், மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கைப் பிரஷைவிடப் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவாக இருந்தது. கைவலி, விரல் விறைப்பு உள்ளவர்களுக்கு, இன்னொருவருக்குத் தேய்த்துவிடுபவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் அதைக் கைப் பிரஷ் மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாது. தலை தானே அசைகிறது; ஒரு பல்லின் மேல் ஈறோரம் சாய்த்து வைத்து இரண்டு மூன்று விநாடி அப்படியே நிறுத்தி அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். அழுத்தினால் எச்சரிக்கும் வசதி இருந்தால் அதற்காகவே கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். இடுக்கை அதுவும் செய்யாது.

தண்ணீர் பீய்ச்சும் கருவி பற்றியும் கேள்வி வரும். துணுக்கை அலசும், ஈறின் ரத்தக் கசிவும் குறையும். கம்பி கட்டியவர்களுக்கும் செயற்கை வேர் உள்ளவர்களுக்கும் வசதி. ஒட்டியிருக்கும் படலத்தை நூல் வழிப்பது போல வழிக்காது. ஃப்ளாஸே பிடிக்க முடியாதவருக்கு எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

#18 மழைத்துளி

நாக்கு?

#19 ஈறோரம்

வாய் நாற்றத்துக்குப் பெரிய காரணம் நாக்கின் பின்பாதி. அங்கே படியும் வெள்ளைப் பூச்சில் வாழும் கிருமிகள் கந்தக வாயுக்களை உண்டாக்குகின்றன. நாக்கு வழிப்பானை எவ்வளவு தூரம் பின்னால் வைக்க முடியுமோ அங்கே வைத்து, முன்னோக்கி மட்டும், மூன்று நாலு இழுப்பு. ஒவ்வொன்றுக்கும் பின் அலசுங்கள். குமட்டினால் நாக்கை வெளியே நீட்டி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழுத்தால் அடங்கும். ரத்தம் வருமளவு சுரண்டாதீர்கள். நாக்கின் பின்கோடியில் V வடிவில் வரிசையாக இருக்கும் பெரிய மொட்டுகள் இயல்பானவை, நோய் என்று அவற்றைச் சுரண்டுபவர்கள் உண்டு.

கழற்றி மாட்டும் பல்செட் உள்ளவர்கள் இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வையுங்கள். சாதாரண பேஸ்ட் அதைக் கீறும். மிருதுவான சோப்பும் தனிப் பிரஷும் போதும். வெந்நீர் ஊற்றினால் உருமாறும்.

#20 கடைவாய்

இவ்வளவும் செய்தபின் நிஜமாகவே சுத்தமாகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: படலத்துக்குச் சாயம் ஏற்றும் மாத்திரை. மருந்துக் கடையிலோ பல் மருத்துவரிடமோ கிடைக்கும். வழக்கம்போல் தேய்த்து முடித்துவிட்டு, ஒரு மாத்திரையை மென்று அரை நிமிடம் எச்சிலோடு சுழற்றித் துப்பி, ஒரு தடவை கொப்பளியுங்கள். உதட்டில் முன்கூட்டியே கொஞ்சம் வாசலைன் தடவிக்கொண்டால் சாயம் ஒட்டாது. சிவப்பாகத் தெரியும் இடமெல்லாம் கை போகாத இடம். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி இடங்கள்தான்: கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கம், மேல் கடைவாயின் கன்னப் பக்கம், ஈறோரத்தில் மெல்லிய கோடு. அடுத்த வாரம் அந்த இடத்திலிருந்தே தொடங்கி, மறுபடி சாயம் ஏற்றிப் பாருங்கள். மாதம் ஒரு தடவை போதும்.

கீழ் முன்பல்லின் உள்பக்கம் அடிக்கடி காரை கட்டும் இடம், எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் கால்சியம் அதிகம். அங்கே நாவால் தடவிச் சொரசொரப்பு தெரிந்தால், அது பிரஷின் வேலை அல்ல.

#21 மழைத்துளி

இன்னும் இரண்டே கேள்வி. புதிதாக ஃப்ளாஸ் தொடங்கினால் ரத்தம் எத்தனை நாளுக்கு வரலாம்? இரண்டாவது, ஒரே இடுக்கில் மட்டும் நூல் பிசிறு பிசிறாகக் கிழிந்துவருவது எதனால்?

#22 ஈறோரம்

தினமும் செய்தால் நாலைந்து நாளில் குறையத் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் நிற்க வேண்டும். இரண்டு வாரம் விடாமல் செய்தும் நிற்கவில்லை என்றால் ஈறுக்கு அடியில் காரை இருக்க வாய்ப்பு அதிகம். பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலால் ஈறின் பள்ளத்தை அளப்பார்; மூன்று மி.மீ.வரை இயல்பு, அதற்கு மேல் என்றால் வீட்டில் என்ன செய்தாலும் அடி எட்டாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாகும், ஈறு நோய் சர்க்கரையையும் கட்டுக்குள் வரவிடாது; அவர்கள் இந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கசிவு அதிகமாக இருக்கும். பயந்து சுத்தத்தை நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறாக ரத்தமே வராமல் போகலாம். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் ஈறு நோய் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கும்போதும் மேலே வெளிறி, நன்றாக இருப்பது போலத் தெரியும். அவர்கள் "ரத்தம் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று முடிவு செய்யவே கூடாது. பல் ஆடுவது, சீழ், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் யாராக இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

#23 பல்லிடுக்கு

நூல் கிழிவது பற்றி: எல்லா இடுக்கிலும் கிழிந்தால் நூல் மோசம், மெழுகு பூசிய தட்டை நூலுக்கு மாறுங்கள். ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் கிழிந்தால் அங்கே கூரான விளிம்பு ஏதோ இருக்கிறது. அடைத்த அடைப்பு ஈறோரத்தில் துருத்திக்கொண்டிருக்கலாம், உறைப் பல்லின் விளிம்பு பொருந்தாமல் இருக்கலாம், காரை இருக்கலாம், புதிய சொத்தையின் ஓரமாகவும் இருக்கலாம். நாலுமே கண்ணாடியில் தெரியாது, பெரும்பாலும் எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதேபோல முன்பு இறுக்கமாக இருந்த இடுக்கில் திடீரென்று நூல் தடையில்லாமல் இறங்கி, தினமும் உணவு சிக்கினால் அதுவும் அடைப்போ பல்லோ உடைந்ததன் அடையாளம்.

அடுத்த தடவை பல் மருத்துவரிடம் போகும்போது "மேலே வலது, பின்னாலிருந்து இரண்டாவது இடுக்கு, நூல் கிழிகிறது" என்று இடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொதுவாகப் பார்க்கச் சொன்னால் தப்பிவிடக்கூடிய விளிம்பு, இடம் சொன்னால் கண்ணில் படும். துருத்தல் சிறியதாக இருந்தால் அங்கேயே உட்காரவைத்துத் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்; அன்று இரவே அதே இடுக்கில் நூலை விட்டுப் பாருங்கள், முழு நூலாக வெளியே வர வேண்டும்.